கோத்தகிரி ஈரத்துக்கு ஏற்ற ஒரு கம்பளிப் பெட்டி

கோத்தகிரியில் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் அலமாரிக் கதவு சட்டத்தோடு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். மாசி மாதம் அதே கதவின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குச் சந்து தெரியும். எங்கள் வீட்டில் சமவெளிக் கடை ஒன்றில் வாங்கிய மரப்பெட்டி இருந்தது. அதன் மூடி அகலமான பலகை. அதன் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பசையிட்டுத் திருகாணியும் முடுக்கி, எந்தப் பக்கமும் அசைய முடியாதபடி கட்டியிருந்தார்கள். வறண்ட பனிக்காலத்தில் பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்த்தது, குறுக்குச் சட்டம் விடவில்லை, ஆகவே மூடி நீளவாக்கில் பிளந்துவிட்டது. பலகையும் திருகாணியும் தரமானவைதான். பலகை அசையும் என்ற எண்ணம் மட்டும் அந்த அமைப்பில் இல்லை.

அந்தப் பெட்டிக்குப் பதிலாக, கம்பளிகளும் ஸ்வெட்டர்களும் தோடர்களின் பூத்துக்குளிச் சால்வை ஒன்றும் வைத்துக்கொள்ள நானே ஒரு பெட்டி செய்வதென்று முடிவு செய்தேன். நீளம் 42 அங்குலம், அகலம் 20 அங்குலம், கால்களோடு சேர்த்து உயரம் 20 அங்குலம். நான்கு மூலைகளிலும் கால்கள், அவற்றுக்கிடையே மேலும் கீழும் சட்டங்கள், சட்டங்களில் நீளப் பள்ளமாக இழைத்த காடிக்குள் பசையின்றி நிற்கும் பலகைகள் என்பதே அமைப்பு. பழைய வீடுகளின் கதவுகளில் பார்க்கும் அதே முறைதான் இது. சட்டம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில் மாறும் பலகைக்கு காடிக்குள் இடம் இருக்கிறது. வடிவத்தைச் சட்டம் காக்கும், பலகை தன் போக்கில் விரிந்து சுருங்கும்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே தீர்மானித்தேன். மரத்தில் உள்ள நீரின் எடையை, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வதே மரத்தின் ஈர அளவு. புதிதாக வெட்டிய மரம் உலரும்போது, ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கும் வரை அளவில் மாற்றம் இராது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். பிறகு அது எங்கே நிற்கும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 65 என்றால் 12, 80 என்றால் 16, 90 என்றால் 20. அடுப்பும் கணப்பும் எரியும் வீட்டுக்குள் வைத்திருந்த ஈரப்பதமானியைப் பார்த்து வந்ததில், பிப்ரவரிப் பகல்களில் 50ஐ ஒட்டியும் நவம்பர் மழையில் 85க்கு மேலும் காட்டியது. பகலிரவு மாற்றங்களைச் சராசரியாக்கிக்கொண்டால், எங்கள் வீட்டுச் சாமான்களின் மரம் ஆண்டுக்குள் 11 சதவீதத்திலிருந்து 17 சதவீதம் வரை போய்வருகிறது என்று கொள்ளலாம். ஆறு புள்ளி வேறுபாடு.

நீலகிரிக்குள்ளேயே இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். தொட்டபெட்டா முகட்டுக்கு மேற்கே ஊட்டியும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்குகின்றன. முகட்டுக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஆகவே மரம் உலர்த்தவும் பலகை பொருத்தவும் எனக்குக் கிடைக்கும் நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. கூடலூரில் இருப்பவர் இதே பெட்டியைச் செய்தால், தன் வீட்டுக் காற்றைத் தானே அளந்து பார்ப்பதுதான் சரியாக இருக்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய பங்களாக்களில் இருக்கும் ஈட்டி மரச் சாமான்களைப் பார்த்து ஆசைப்படலாம், ஆனால் அந்த மரத்தைக் காக்கவென்றே 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பொழுதுபோக்குக்கு மரவேலை செய்பவர் அதன் பக்கம் போகத் தேவையில்லை. எங்கும் கண்ணில் படும் தைல மரம் 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் எண்ணெய்க்கும் அருமையான மரம். பெட்டி செய்வதற்கு எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. ரேகை, அதாவது மரத்தின் நாரோட்டம், முறுக்கிக்கொண்டு ஓடுவதால் பலகை உலரும்போது திருகிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நுண்ணறைகள் ஈரம் வெளியேறும்போது அமுங்கி, மேற்பரப்பு அலையலையாகக் குழிந்துவிடுகிறது.

மிஞ்சியது சில்வர் ஓக். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வரிசை வரிசையாக நிற்கும் இந்த மரமும் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். ஓக் மரத்தோடு இதற்கு உறவு எதுவும் இல்லை, மக்கடேமியாக் கொட்டை காய்க்கும் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்தில் இது பிளைவுட்டுக்கும் சரக்குப் பெட்டிக்கும் உரிய மலிவு மரம் என்றே பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அதன் தாயகத்தில் வீட்டுச் சாமான்களுக்கும் சன்னல் கதவுகளுக்கும் விரும்பிப் பயன்படுத்திய மரம் இது. எடை நடுத்தரமானது, இழைக்க எளியது, இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு நிறம் நாள்பட்டால் தேன் நிறத்துக்குத் திரும்பும். வெளியே மழையில் நிற்கத் தாங்காது என்பது உண்மை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அது ஒரு குறை ஆகாது.

மரம் வாங்குவதில் கவனிக்க வேண்டியது அனுமதி. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. மலையில் நம் சொந்த நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் உரிய குழுவின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. நான் வாங்கியது, அனுமதி பெற்று வெட்டிய ஒரு தோட்டத்தின் அடிமரத் துண்டு. ரசீதையும் அனுமதி நகலையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே வண்டியில் ஏற்றினேன். மலைப்பாதையில் மரம் ஏற்றிப் போகும்போது இந்தத் தாள்கள் கையில் இருப்பது நல்லது.

அறுவை மில்லில்தான் பெட்டியின் தலைவிதி பாதி எழுதப்படுகிறது. வழக்கமாக மரத்தைப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அடுக்கடுக்காக அறுத்துத் தள்ளுவார்கள். இதில் ஓரத்துப் பலகைகளில் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். அப்படிப்பட்ட பலகை, வளையங்கள் செங்குத்தாக நிற்கும் பலகையைவிட அகலவாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். சுருங்கும்போது குவியவும் செய்யும். நான் அடிமரத்தை முதலில் நான்காகப் பிளந்து, ஒவ்வொரு கால்பகுதியையும் மரத்தின் நடுவை நோக்கியே அறுத்துத் தரச் சொன்னேன். மில்காரர் தயங்கினார்.

“இப்படி அறுத்தா கழிவு கூடும் சார். பலகை அகலமும் வராது. நம்ம பக்கம் யாரும் கேக்கிறதில்லை.”

“மூடிக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இப்படிப் போதும் அண்ணே. மத்ததை உங்க வழக்கப்படியே அறுத்துடுங்க. கூலி கூடுறதைக் கணக்குல போட்டுக்குங்க.”

கழிவு கூடத்தான் செய்தது. ஆனால் முதல் பலகை விழுந்ததும் அவரே குனிந்து பார்த்தார். சில்வர் ஓக்கை இப்படி அறுக்கும்போது, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் அகலமான கதிர்கள் பலகையின் முகத்தில் வெட்டுப்பட்டு, மீன் செதில்கள் போன்ற பளபளப்பான திட்டுகளாகத் தெரிகின்றன. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் திட்டுகள் வெளிறியும், மறுபக்கமிருந்து விழுந்தால் அடர்ந்தும் தோன்றும். இந்த அழகுக்காக மட்டுமே இப்படி அறுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கூலிக்கு மேல் கிடைத்த வரும்படி.

சட்டங்களுக்கு ஒரு அங்குலக் கனமும் அடைப்புப் பலகைகளுக்கு ஆறு நூல் கனமும் வைத்து அறுத்தோம். எட்டு நூல் ஒரு அங்குலம் என்ற தச்சர் கணக்கையே நான் கடைசி வரை பயன்படுத்தினேன். மில்லிலும் கடையிலும் அதுதான் பேச்சு மொழி. கால்களுக்கு இரண்டு அங்குலக் கட்டை வாங்கவில்லை. ஒரு அங்குலப் பலகை காற்றில் உலர ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. இரண்டு அங்குலக் கட்டைக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆகும். மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கட்டையில் துளை போட்டு, சட்டத்தின் முனையை மெலிதாகச் சீவிய கழுந்தை அதில் சொருகினால், பின்னால் துளை சுருங்கி இணைப்பு கோணும். ஆகவே ஒரே பலகையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளை ஒட்டிக் கால்களாக்கத் திட்டமிட்டேன்.

உலர்த்துவதற்கு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகை போதுமானதாக இருந்தது. பலகைகளின் இரு முனைகளுக்கும் மிச்சமிருந்த பெயிண்டைக் கனமாகப் பூசினேன். முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால், அதை அடைக்காவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு உள்ளே ஓடும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சமதளமாகக் கட்டைகளைப் போட்டு, ஒவ்வொரு பலகை அடுக்குக்கும் இடையே ஒரு அங்குலக் கனமுள்ள உலர்ந்த குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்தேன். இந்தக் குச்சிகள் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மேலே இருக்கும் பாரம் பலகையை அந்த இடத்தில் வளைத்துவிடும். அடுக்கின் உச்சியில் கருங்கற்களை ஏற்றினேன். பக்கங்களைத் திறந்தே விட்டேன். வடகிழக்கு மழைக் காலத்தில் மட்டும் சாரல் அடிக்கும் பக்கத்தில் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன், அதையும் பலகையை ஒட்டாமல் ஓரடி தள்ளியே கட்டினேன்.

தை பிறந்து பனி விழத் தொடங்கியதும் பலகைகளை வீட்டுக்குள், கணப்பு இருக்கும் அறையின் தூரச் சுவர் ஓரமாக அடுக்கினேன். கொட்டகையில் எத்தனை மாதம் கிடந்தாலும் மரம் கொட்டகைக் காற்றின் ஈரத்துக்குக் கீழே இறங்காது. பெட்டி இருக்கப்போவது வீட்டுக்குள். எப்போது வேலையைத் தொடங்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள ஈரம் காட்டும் கருவி எதுவும் வாங்கவில்லை. ஒரு பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி, குறுக்காக ஒரு துண்டை அறுத்துச் சமையல் தராசில் நிறுத்தேன்: 236 கிராம். பிறகு அதைக் கேக் சுடும் மின்னடுப்பில் 103 டிகிரி அளவில் வைத்து, இனி எடை குறையாது என்ற நிலை வரும் வரை எடுத்து எடுத்து நிறுத்ததில் 204 கிராமில் நின்றது. குறைந்த 32 கிராமை 204ஆல் வகுத்தால் 15.7 சதவீதம். இது கொட்டகையிலிருந்து உள்ளே வந்த போது இருந்த ஈரம். அதே பலகையின் பக்கத்துத் துண்டு ஒன்றை அறைக்குள்ளேயே வைத்து அவ்வப்போது நிறுத்து வந்தேன். மாசி நடுவில் கணக்கு 11ஐத் தொட்டு, எடை அசையாமல் நின்றது. அதன் பிறகே இழைப்புளியைக் கையில் எடுத்தேன். அடுப்பின் குமிழில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்ப்பது அவசியம். மரம் கருகத் தொடங்கினால் எடைக் கணக்கு பொய்யாகிவிடும்.

இழைக்கும் வேலையில் இந்த மரத்துக்கு இரண்டு குணங்கள். ஒன்று, அதன் தூளும் பாலும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டே வேலை செய்தேன், உப்புத்தாள் தேய்ப்பதை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டேன். மற்றொன்று, அழகுக்குக் காரணமான அதே செதில் திட்டுகள், இழைப்புளியின் அலகு மழுங்கியிருந்தால் தகடு தகடாகப் பெயர்ந்து குழி விழும். இரும்பு இழைப்புளியின் அலகைத் தீட்டுக்கல்லில் நன்றாகத் தீட்டி, அதன் மேல் தகட்டை வெட்டு விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் தூரம் வரை நெருக்கி வைத்து, சீவல் காகிதம் போல வரும்படி மிக மெல்லியதாக எடுத்தேன். ரேகை எதிராக ஏறும் இடங்களில் எஃகுச் சுரண்டு தகடு கைகொடுத்தது. தகட்டைக் கட்டைவிரலால் சற்றே வளைத்துத் தள்ளும்போது, தூளாக வராமல் நுண்ணிய சுருளாக வந்தால் விளிம்பு சரியாக இருக்கிறது என்று பொருள். தூள் வரத் தொடங்கியதும் நிறுத்தி மறுபடி தீட்ட வேண்டும்.

இழைத்து முடித்த சட்டங்கள் ஏழு நூல் கனத்துக்கு வந்தன. இரண்டை ஒட்டிய கால்கள் ஒன்றே முக்கால் அங்குலச் சதுரம். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மூன்று நூல். காடியின் அகலத்தையும் அதே மூன்று நூலாக வைத்து, கழுந்தும் காடியும் ஒரே கோட்டில் வரும்படி செய்ததால் ஒரு முறை கோடு கீறினால் இரண்டுக்கும் போதுமாயிற்று. காடியின் ஆழம் நான்கு நூல். கால்களில் துளைகளை ஒன்றேகால் அங்குல ஆழம் எடுத்தேன். முன்பக்கச் சட்டமும் பக்கச் சட்டமும் ஒரே காலில் ஒரே உயரத்தில் வந்து சேர்வதால் இரண்டு துளைகளும் உள்ளே சந்தித்துக்கொள்ளும். ஆகவே கழுந்துகளின் முனைகளை 45 பாகைக்குச் சீவி, ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நிற்கவைத்தேன். உளி வேலையில் சில்வர் ஓக் இணக்கமானது. கொட்டாப்புளியை ஓங்கி அடிக்கத் தேவையில்லை, சிறு தட்டலுக்கே சில்லு பெயர்ந்து வரும். துளையின் பக்கச் சுவர்கள் நேராக இருக்கின்றனவா என்பதை மூலைமட்டத்தின் அலகை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இணைப்பைப் பசையை மட்டும் நம்பி விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவர் வந்து கழுந்துகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“ஆப்பு அடிச்ச கழுந்து எங்க தாத்தா செஞ்ச கதவுல இன்னும் நிக்குது தம்பி. பசை நேத்து வந்தது. அதுவும் இந்தக் குளிர்ல அதை நம்பாதீங்க.”

அவர் குளிரைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. வெள்ளைப் பசையில் இருக்கும் நுண்துகள்கள் நீர் வற்றும்போது ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் படலமாக வேண்டும். வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டிக் கீழே போனால் அப்படிச் சேராமல், உலர்ந்த பின் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்து வலுவிழந்து கிடக்கும். எங்கள் ஊரில் தை, மாசி இரவுகளில் வெப்பநிலை அந்த அளவுக்கு எளிதாக இறங்கும். பகல் பதினொரு மணிக்கு மேல்தான் பசை வேலை வைத்துக்கொண்டேன். பசை டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தேன், ஒட்ட வேண்டிய துண்டுகளையும் காலையிலிருந்தே வெயிலில் போட்டு வைத்தேன். ஒட்டியவற்றைக் கணப்பு அறையிலேயே இரவு முழுவதும் விட்டேன்.

ஆப்பும் அடித்தேன். காலில் இரண்டு நூல் விட்டத்தில் துளை போட்டு, கழுந்தைச் சொருகி, துளையின் நடுவைக் கழுந்தின் மேல் குறித்துக்கொண்டு, கழுந்தை வெளியே எடுத்து, குறித்த இடத்திலிருந்து, சட்டத்தில் கழுந்து தொடங்கும் தோள் பக்கமாக அரை நூல் தள்ளிக் கழுந்தில் துளையிட வேண்டும். பிறகு முனை கூராக்கிய மூங்கில் ஆப்பை அடித்தால், அது வளைந்து நெளிந்து உள்ளே போகும்போதே கழுந்தைத் துளைக்குள் இழுத்து, தோளைக் காலோடு இறுக்கிவிடும். கிளாம்ப் எண்ணிக்கையில் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து சீவிய ஆப்பாகவே இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சிகளில் நார் குறுக்கே ஓடினால் பாதியில் முறியும்.

இனி பலகைகள். முன், பின், பக்கம் எல்லாவற்றிலும் மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையே தெரியும் இடைவெளி 12 அங்குலம். பலகையின் ரேகையைப் படுக்கைவாக்கில் வைத்ததால், அது விரிவதும் சுருங்குவதும் மேலும் கீழுமாகத்தான். வளையங்கள் படுத்திருக்கும் பலகை, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் ஏறக்குறைய கால் சதவீதம் மாறும் என்பது பல மரங்களுக்கும் பொருந்தும் தோராயக் கணக்கு. ஆறு புள்ளிக்கு ஒன்றரை சதவீதம்; 12¾ அங்குலத்துக்கு ஒன்றரை நூல். வளையங்கள் நிற்கும் பலகைக்கு இதில் பாதி. மேல் காடி நான்கு நூல், கீழ்க் காடி நான்கு நூல், ஆக மொத்தம் ஒரு அங்குலம். அதில் பலகையை ஒவ்வொரு பக்கமும் மூன்று நூல் நுழையவிட்டு ஒரு நூல் காலியாக வைத்தேன். மொத்தம் இரண்டு நூல் காலியிடம். தேவைப்படுவது அதிகபட்சம் ஒன்றரை. பலகையின் உயரம் 12¾ அங்குலம் என்பது இப்படித்தான் வந்தது.

இந்தக் காலியிடம் மாசி மாதத்துக்கு உரியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போது மரம் ஆண்டின் மிக உலர்ந்த நிலையில் இருக்கிறது, அங்கிருந்து அது விரியத்தான் முடியும். இதே வேலையைக் கார்த்திகையில் செய்பவர் பலகையைக் காடியின் அடியை ஏறக்குறையத் தொடும் அளவுக்கு வைக்க வேண்டும். அது இனிச் சுருங்கத்தான் போகிறது. அளவுத் தாள்களில் “ஒரு நூல் இடைவெளி விடவும்” என்று எந்த மாதம் என்று சொல்லாமல் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஐந்து நூல் கனத்துக்கு இழைத்த பலகையின் நான்கு ஓரங்களையும் பின்பக்கமாகச் சீவி மூன்று நூலாக்கி, காடிக்குள் கையால் தள்ளினால் வழுக்கிப் போகும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பலகை முழுவதற்கும் அரக்குப் பாலிஷ் பூசிவிட்டேன். பூட்டிய பின் பூசினால், பலகை சுருங்கும் காலத்தில் சட்டத்தின் ஓரமாகப் பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப்பார்க்கும். தவிரவும் பாலிஷ் காடிக்குள் வழிந்து பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். பலகையின் இடது, வலது முனைகளில் உயரத்தின் சரிநடுவில் மட்டும் ஒரு துளி பசை வைத்தேன். இதனால் விரிவு மேலும் கீழும் சமமாகப் பிரியும். கீழ்க் காடியில் பலகை உட்கார்ந்துவிடாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபைக் குறுகலாக வெட்டி மடித்து அங்கங்கே வைத்தேன். மழைக்காலத்தில் பலகை விரியும்போது ரப்பர் அமுங்கிக்கொடுக்கும்.

பூட்டும்போது முதலில் முன், பின் பக்கங்களைத் தனித்தனியாக முடித்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து இரண்டும் ஒன்றாக இருப்பதை உறுதி செய்த பிறகு, பக்கச் சட்டங்களால் அவற்றை இணைத்தேன். அடிப்பலகைகளுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சீவிய நான்கு நூல் பலகைகளை, உள்ளே அடித்த தாங்கு சட்டங்களின் மேல் அரை நூல் இடைவெளியில் பரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் முனைக்கு ஒரு திருகாணி மட்டும் போட்டேன்.

மூடிதான் இந்தப் பெட்டியில் நான் மிகவும் நேரம் செலவிட்ட பகுதி. 21 அங்குல அகலத்தை, வளையங்கள் நிற்கும் மூன்று பலகைகளை ஒட்டி உண்டாக்கினேன். அடியில் மூன்று குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் அது தட்டையாக நிற்காது. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் கீலுக்கு அருகே உள்ள திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை; முன்னோக்கி வரும் மற்றத் திருகாணிகளுக்கெல்லாம் மூடியின் அகலவாக்கில் மூன்று நூல் நீளத் துளை. நடுத் திருகாணியை நிலையாக வைத்து இரு பக்கமும் அசையவிடுவது வழக்கம்தான் என்றாலும், மூடியின் பின் விளிம்பு கீலில் கட்டுப்பட்டிருப்பதால், அசைவு முழுவதையும் முன்பக்கம் தள்ளுவதே இங்கே பொருந்தும். மூடி முன்பக்கம் ஆறு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீளத் துளையில் திருகாணியின் தலைக்குக் கீழே ஒரு வாஷர் போட்டு, இறுக முடுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினேன். இங்கே பசை ஒரு துளியும் கூடாது.

கீல்களும் திருகாணிகளும் பித்தளை. மூடுபனி நுழையும் வீட்டில் இரும்பு இரண்டு மழைக்குள் துருவேறிவிடும். பித்தளைத் திருகாணி மெலிவானது, முடுக்கும்போதே கழுத்து முறிந்துவிடும். ஆகவே அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் முடுக்கி எடுத்துவிட்டு, புரிகளில் மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை அதே தடத்தில் இறக்கினேன்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயை ஒதுக்கினேன். குளிரிலும் ஈரத்திலும் அது உலர வெகுகாலம் எடுக்கும், மூடிய பெட்டிக்குள் அதன் வாடை கம்பளியில் ஏறும். உள்ளும் புறமும் அரக்குத்தான்: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 240 கிராம் அரக்குச் செதில்களை ஊறவைத்து வடிகட்டி, மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தேன். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது இதைப் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால் நிறத்தில் வெளுத்துவிடும். ஈரப்பதமானி 65க்குக் கீழே காட்டிய நடுப்பகல்களில் மட்டும் துணியை எடுத்தேன்; மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறுவதற்கு முன் சன்னல்களைச் சாத்திவிட்டேன். வெளிப்புறத்துக்கு மேற்பூச்சாக, டர்பன்டைனில் கரைத்த தேன்மெழுகு. குறும்பர்கள் பாறைகளிலிருந்து எடுக்கும் தேனடையின் மெழுகு கோத்தகிரியில் வாங்கக் கிடைக்கிறது. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்த பிறகே டர்பன்டைனைக் கலக்க வேண்டும். உள்ளே வசம்புத் துண்டுகளை மெல்லிய துணியில் முடிந்து போட்டிருக்கிறோம்.

பலகைகளின் அசைவைச் சரிபார்க்க, பூட்டிய அன்றே பின்பக்கப் பலகை ஒன்றிலும் முன்பக்கப் பலகை ஒன்றிலும் சட்டத்தின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தேன். கார்த்திகை மழையில் பார்த்தபோது, வளையங்கள் படுத்திருக்கும் பின்பலகையின் கோடு காடிக்குள் முக்கால் நூல் அளவுக்கு மறைந்திருந்தது. வளையங்கள் நிற்கும் முன்பலகையில் அது அரை நூலையும் எட்டவில்லை. மூடி முன்னால் ஒரு நூலுக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டியிருந்தது. எங்கும் இறுக்கம் இல்லை, கீலும் பழையபடியே திரும்பியது. கணக்கில் சொன்னதும் அளவுகோலில் கண்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை இதே போன்ற பெட்டி கேட்கிறாள். அங்கே கோடைக் காற்றில் மரம் 8 சதவீதம் வரை இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால், என் மாசி அளவிலிருந்து மேலும் மூன்று புள்ளி சுருங்கும்; வளையங்கள் படுத்திருக்கும் 12¾ அங்குலப் பலகைக்கு அது முக்கால் நூல்தான், ஒரு பக்கத்துக்கு அரை நூலுக்கும் குறைவு. காடிக்குள் மூன்று நூல் நுழைந்திருப்பதால் பலகை கழன்று வெளியே வராது. ஆனால் அங்கே ஈரம் இங்கே போல் 17 வரை ஏறாது என்பதால், அவளுக்குச் செய்யும் பெட்டியில் காலியிடத்தை ஒரு பக்கத்துக்கு அரை நூலாகக் குறைத்து, பலகைகளைப் பூட்டுவதற்கு முன் சில வாரங்கள் அவள் வீட்டிலேயே அடுக்கி வைக்க உத்தேசித்திருக்கிறேன்.